விதிகளில் இல்லாத ஆள்

சீர்காழி ரங்கநாதன் 1931-ல் வகுத்த நூலக விதிகள் ஐந்து. முதலாவது, புத்தகம் எதற்காக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அடுத்த இரண்டும் புத்தகத்தையும் வாசகனையும் சேர்த்துவைக்கின்றன. நான்காவது வாசகனுடைய நேரத்தைப் பற்றியது. ஐந்தாவது, நூலகத்தை வளரும் உயிராகப் பார்க்கிறது. ஐந்தில் எதன் வாசகத்திலும் நூலகன் இல்லை. வாசகனுடைய நேரம் மிச்சமாக வேண்டுமானால் வேறு யாரோ ஒருவனுடைய நேரம் செலவாக வேண்டும். அந்த யாரோ எவ்வளவு செலவாகலாம், மீதி இருந்தால் அது யாருக்குச் சொந்தம்? விதிகள் இதைப் பற்றிப் பேசவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் என் கேள்வி அந்த மௌனத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ரங்கநாதனின் வாழ்க்கையே ஒரு பதில் என்று சிலர் நினைக்கலாம். பிரஸிடென்ஸி கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். ஆரம்பத்தில் அந்த வேலையின் தனிமை பொறுக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். லண்டனுக்குப் போய் அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. கூடவே விடுமுறையும் போய்விட்டது. கல்யாணம் நடந்த அன்றே பிற்பகலில் நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் குரலில் வியப்பு இருக்கும். அன்று வீட்டில் இருந்தவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பதில் தெற்கே இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் நூலகராக இருந்த பாலம் கல்யாணசுந்தரம் தன் சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தன் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ரங்கநாதன் வேலைக்கு வெளியே எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்றால், இவர் வேலையிலிருந்து எதையும் வெளியே எடுத்துப் போகவில்லை. முன்னவர் கொடுத்தது காலத்தை, பின்னவர் கொடுத்தது கூலியை.

இருவரையும் நான் வணங்குகிறேன். ஆனால் தியாகத்தைப் போற்றுவதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. போற்றி முடித்ததும் நம் பொறுப்பும் முடிந்துவிடுகிறது. அதைவிட மோசம், அந்தத் தியாகத்தையே அளவுகோலாக்கி மற்றவன் முதுகில் வைத்துவிடுகிறோம். தானாகக் கொடுத்தது தானம். எதிர்பார்த்து வாங்கினால் அது வரி.

செஞ்சியில் ஒரு பள்ளியில் பல வருஷம் நூலகப் பொறுப்பு பார்த்தேன். பாடம் நடத்துகிறவனுக்குக் கூடுதலாகத் தரப்படும் பொறுப்பு அது. அதில் ஏற ஒரு படியும் இல்லை, பதவி உயர்வுக்கும் அது உதவாது. நான்கு பீரோ, ஒரு சாவிக்கொத்து, ஓர் இருப்புப் பதிவேடு. வருஷ முடிவில் எண்ணிப் பார்ப்பார்கள். குறைந்த புத்தகத்தின் விலையைப் பொறுப்பில் இருப்பவன் கட்ட வேண்டும். இந்த ஒரு ஏற்பாடே ரங்கநாதனின் முதல் விதியைத் தலைகீழாக்கப் போதும். பீரோவைத் திறக்காதவனுக்கு ஒரு புத்தகமும் தொலையாது. அவனுடைய பதிவேடு மாசற்றது. நல்ல ஊழியன் என்ற பெயரும் அவனுக்குத்தான்.

செஞ்சிக் கோட்டையில் பெரிய களஞ்சியங்கள் இருக்கின்றன. 1690-லிருந்து 1698 வரை மொகலாயர் முற்றுகையிட்டபோது இங்கே உள்ளே இருந்தவர்களுக்குக் கணக்குப் பார்த்து அளப்பது உயிர்ப் பிரச்னை. நெல்லின் நியாயம் அது. கொடுத்தால் குறையும். புத்தகத்தின் நியாயம் வேறு. அது கொடுத்தால் கிழியலாம், தொலையலாம், ஆனால் குறையாது. பதிவேடு புத்தகத்தை நெல்லாக நினைக்கிறது. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இந்தக் கோட்டை சேர்ந்தது. வருகிறவர்கள் களஞ்சியத்தின் உயரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அது இப்போது காலி.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், தேசிங்கு ராஜா கதை நெஜமா?" கதைப்பாட்டில் கேட்ட தேசிங்கு அவனுக்குத் தெரியும். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேஜ்சிங் என்ற இளைஞன் தெரியாது. பீரோவில் இதற்குப் புத்தகம் இல்லை. நான் பதில் சொன்னேன். சொல்ல முடிந்தது, வீட்டில் இரவுகளில், எந்தப் பிரயோஜனமும் கருதாமல், யாருக்கும் கணக்குக் காட்டாமல் படித்ததால். மறுநாள் வீட்டிலிருந்து என் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

அந்தப் புத்தகத்தை எந்த ஹோதாவில் கொடுத்தேன்? பள்ளிப் புத்தகத்தைக் கொடுக்கும்போது அடுத்தவர் சொத்தை வைத்து என் தாராளத்தைக் காட்டுகிறேன். போனால் போவது சம்பளத்தில் கொஞ்சம். என் புத்தகத்தைக் கொடுக்கும்போது நான் உத்தியோகஸ்தன் இல்லை. போனால் போவது ஓரத்தில் நான் பென்சிலால் கோடிட்ட பக்கங்கள். ஆனால் அந்தப் பையனுக்கு இந்த வித்தியாசம் இல்லை. அவனுக்கு நான் புத்தகம் வைத்திருக்கும் ஒருவன், அவ்வளவுதான். அவன் பார்வைதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலைக்கு வெளியே இருப்பதை ஓய்வு என்று சொல்லிப் பழகிவிட்டோம். மற்ற வேலைகளுக்கு அது பொருந்தலாம். புத்தகம் கொடுப்பவன் விஷயத்தில் வேலைக்கு வேண்டிய சரக்கே வெளியேதான் உண்டாகிறது. படிக்காதவன் கொடுக்கும் புத்தகம் வெறும் வரிசை எண். அவன் படிக்கும் நேரமோ பள்ளி மணிக்குள் அடங்குவதில்லை. அதனால் அந்த நேரத்தையும் பள்ளிக்கே எழுதிவைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அங்கேதான் ஆபத்து. பள்ளிக்காகப் படித்திருந்தால் நான் பாடத்திட்டத்தில் உள்ளதைப் படித்திருப்பேன். தேசிங்கு அதில் வந்திருக்கமாட்டான். உபயோகம் கருதாமல் படித்தது என்பதால்தான் உபயோகப்பட்டது. இந்த முரணைத் தீர்க்க எனக்கு வழி தெரியவில்லை. தீர்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆறாவது விதி ஒன்று வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நூலகனுக்கும் நேரம் உண்டு என்று அதில் எழுத வேண்டுமாம். வேண்டாம் என்றேன். எழுதினால் அந்த நேரத்துக்கும் ஒரு பதிவேடு போடுவார்கள். வருஷ முடிவில் எண்ணிப் பார்க்க ஆள் வருவார்.