முதல் கேள்வி ருசியாக இருக்கட்டும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பிரானூர் பார்டரில் பரோட்டாக் கல் ஆறுவதில்லை. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை தமிழகத்தோடு சேரும்வரை மாநில எல்லை பிரானூரில்தான் இருந்தது. எல்லை புளியரைக்கு அப்பால் போயிற்று. பார்டர் என்ற பேர் போகவில்லை.

போன சாரலில் தோழிகள் நால்வர் இரவில் அங்கே சாப்பிடப் போகத் தீர்மானித்தோம். எந்தக் கடை என்று அரைமணி நேரம் பேசினோம். கழிப்பறை எங்கே சுத்தம், குடித்துவிட்டு வருபவர்கள் எங்கே குறைவு, திரும்பிவர வண்டி உண்டா? நாட்டுக்கோழி எங்கே நன்றாயிருக்கும் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஆண்கள் அதை மட்டும்தான் கேட்பார்கள்.

அச்சங்களைக் கழித்தபின் மிஞ்சுவதை எடுத்துக்கொள்வது தேர்வாகுமா?

போன கடையில், “பேமிலி ரூம் உள்ள இருக்கும்மா” என்றார் பரிமாறுபவர். அக்கறைதான். ஆனால் பெண்கள் உள்ளே போகப் போக, வெளியிலுள்ள மேசைகள் ஆண்களுடையதாகவே நிலைக்கின்றன. பிறகு அதையே காட்டி நம்மை உள்ளே அனுப்புகிறார்கள்.

மும்பையை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ (2011), பாதுகாப்பை மட்டும் கேட்டால் பெண் வீட்டுக்குள்தான் அடைபடுவாள் என்கிறது. காரணமின்றி வெளியே இருக்கும் உரிமையைக் கேட்கச் சொல்கிறது.

கல்லுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தோம். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தங்கள் இலைக்குத் திரும்பினார்கள். சால்னாவில் காரம் கூடுதல். அடுத்தமுறை கடை மாற்ற எங்களுக்கு இப்போது வேறொரு காரணம் இருக்கிறது.