வீழக் கற்றல்

ஒருவனுடைய ஆற்றலுக்கு உடல்வலியினும் மனநிலையே சிறந்த மூலம் என்பது நமது துணிபு. யப்பான் தேசத்து ஜிகோரோ கானோ என்பவர் இளமையில் மெலிந்த உடலினர்; வலிய மாணாக்கரால் நலிவுற்றவர். அவர் ஜுஜுத்சு என்னும் பழைய மல்வித்தையைப் பயின்று திருத்தி, 1882 ஆம் ஆண்டு தோக்கியோ நகரத்துப் பௌத்த ஆலயமொன்றிலே ஜூடோ என்னும் பெயராற் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர் அந்நகரத்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராய் நெடுங்காலம் விளங்கினார்.

அவ்வித்தையில் பிறனை எறியப் பழகுமுன் வீழப் பழகுதல் வேண்டும். வீழ்ச்சிக்கு அஞ்சுவோன் உடலை விறைப்பித்து ஊறுபடுவான். அஞ்சாதவனோ மோவாயை நெஞ்சோடணைத்து, கையாற் பாயில் அறைந்து, ஊறின்றி எழுவான். எழுந்து மீண்டும் பொருதற்குத் துணிவான்.

வகுப்பறையும் அத்தகையதே. பிழைக்கு அஞ்சும் பிள்ளை விடையறிந்தும் வாய் திறவான். அவனை மந்தன் என்கின்றோம். அம்மந்தம் பெரும்பாலும் நமது கடுஞ்சொல்லும் ஏளனநகையும் விளைத்த அச்சமேயாம்.

ஆதலின், ஆசிரியர்காள்! பிழை திருத்தத்தக்கது, நாணத்தக்கதன்று என்பதனை முதற்பாடமாக வைப்போமாக. கரும்பலகையில் நாம் பிழைபட எழுதியதைப் பிள்ளையொருவன் சுட்டுவானாயின், முகமலர்ந்து ஏற்று அவன் முன்னிலையிலேயே திருத்துவோமாக. நாம் வீழ்ந்தெழுதலைக் கண்ட பிள்ளை தானும் வீழ அஞ்சான்.