படம் முடிந்த மறுநாள்

2019-இல் வந்த ‘கைதி’ படத்தில், பத்தாண்டு சிறையிலிருந்து வெளியே வரும் டில்லிக்கு மகளைப் பார்க்க வேண்டும். ஒரே ராத்திரியில் லாரி, துப்பாக்கி, போதைக் கும்பல் எல்லாம் சரி. விடிந்தால் வேலைக்கு எங்கே போவார்? அதுதான் பெரிய சண்டை.

கோவை மத்தியச் சிறையில் கைதிகள் துணி நெய்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தோடு ஒருவர் பெருமாநல்லூர் பனியன் கம்பெனி கேட்டில் வந்து நின்றால், ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, “இத்தன வருசமா எங்கப்பா இருந்தே?” என்பார்கள். உண்மையைச் சொன்னால் வேலை இல்லை. பொய் சொன்னால், தெரியும்வரைதான் வேலை.

‘டைலர், செக்கிங் ஆள் தேவை’ என்று போர்டு மாட்டியிருக்கும் முதலாளிமாரே, அப்படி வருபவரை ஒரு வாரம் பவர் டேபிளில் உட்கார வைத்துப் பாருங்கள். தையல் சரியில்லை என்றால் அனுப்பிவிடுங்கள். பழைய கேஸைக் காட்டி அனுப்பாதீர்கள்.