காந்தள் விதை

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லிமலைப் புதர்களிலும் வேலிகளிலும், இலை நுனியையே கொக்கியாக வளைத்துப் பற்றி ஏறிப் பூக்கிறது செங்காந்தள். நம் மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களில் முதலில் வருவதும் இதுதான். சந்தையில் இதன் விதைக்குப் பெயர் கண்வலி விதை. மூட்டுவீக்க மருந்தான கால்ச்சிசின் இதில் இருப்பதால், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பயிரிட்டு விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். காலையில் பூப் பூவாகக் கையாலேயே மகரந்தம் தொட்டு வைத்துக் காய் பிடிக்க வைக்கும் பாடு அது. இத்தனை பாடுபட்டு எடுக்கும் விதை விற்பனைக்குத்தான், நடுவதற்குக் கிழங்கு. அந்தக் கிழங்குக்காகக் காடுகளில் தோண்டியே இந்தச் செடி பல இடங்களில் அருகிப்போனது.

கிழங்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். கலப்பை போல இரண்டு கை; ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆண்டுக்கு ஒன்று இரண்டாவதே பெரும்பாடு. அந்த இரண்டும் தாய்ச்செடியின் அச்சு. ஒரு காய்க்குள்ளோ செக்கச்சிவந்த விதைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிக்குணமுள்ள செடி. நோயோ வறட்சியோ வந்தால் சிலவாவது தாங்கி நிற்பது இந்த வேற்றுமையால்தான். ஆகவே காந்தளைக் காப்பாற்ற வேண்டுமானால் விதைத்துத்தான் ஆக வேண்டும்.

விதை முளைக்கவே மாதக்கணக்காகும், பூக்க மூன்று நான்கு ஆண்டாகும், யார் காத்திருப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் ஆண்டில் நாலைந்து இலைதான். பிறகு அதுவும் காய்ந்துவிடும். செத்துவிட்டதென்று தொட்டி மண்ணைக் கொட்டிவிடுகிறோம். உள்ளே சிறு கிழங்கு உறங்குகிறது. அடுத்த மழைக்கு எழும். மிளகுக்கொடி நட்டு மூன்றாண்டு பொறுக்கிற மலைக்கு இது புதிதா என்ன? நஞ்சாயிற்றே என்பதும் மெய்தான். விதையும் கிழங்கும் உயிரைக் குடிக்கும். குழந்தையும் ஆடும் எட்டாத வேலியோரமே இதற்கு இடம்.

காட்டுக்குள் போய்ப் பறிக்க வேண்டாம். தை மாதம் உங்கள் வேலியில் காய் வெடிக்கும்போது, ஒரே ஒரு காயை விற்காமல் எடுத்து வையுங்கள். மழை தொடங்கியதும் விதையுங்கள்.