களவுபோனது யாருடைய பொருள்?

சென்ற ரமளானில் ஒரு நாள் அஸர் நேரம். பள்ளிவாசல் ஹவ்ளின் திண்டில் செல்போனை வைத்துவிட்டு ஒளுச் செய்தோம். இகாமத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற பரபரப்பில் அதை எடுக்க மறந்து மிஹ்ராபுக்குப் போய்விட்டோம். தொழுகை முடித்து, துஆ ஓதித் திரும்பி வந்து பார்த்தால் திண்டு காலியாக இருந்தது.

முத்தவல்லி ஸாஹிபும் மோதினாரும் சுற்றி நின்று ஆறுதல் சொன்னார்கள். "போனால் போகிறது ஹளரத்! பொருள்தானே? அல்லாஹ் இதைவிட மேலானதைத் தருவான்" என்றார் ஒரு பெரியவர். நாமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டோம். பழைய போன், விற்றால் மூவாயிரம் ரூபாய்கூடத் தேறாது. தராவீஹ் முடிந்து படுக்கையில் சாய்ந்த பிறகுதான் திடுக்கென்றது. அந்தப் போனுக்குப் பூட்டு இல்லை. பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து தரச் சொல்கிறார்களே என்று ஆறு மாதங்களுக்கு முன் நாமே அதை எடுத்துவிட்டிருந்தோம்.

அதனுள் என்னென்ன இருந்தன? நமது மஹல்லாவில் ஜகாத் பெறும் 12 குடும்பங்களின் பட்டியல் இருந்தது. யாருக்கு எவ்வளவு கடன், யார் வீட்டில் என்ன நோய், எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. வரன் பார்க்கச் சொல்லிப் பெற்றோர்கள் அனுப்பிய பெண்பிள்ளைகளின் புகைப்படங்கள் இருந்தன. தன் இல்லற வாழ்வில் நேர்ந்த ஒரு சங்கடத்துக்கு மார்க்கத் தீர்ப்பு என்னவென்று கேட்டு, அழுதுகொண்டே ஒரு பெண் பேசி அனுப்பிய குரல் பதிவுகளும் இருந்தன.

இவற்றுள் எது நம்முடைய பொருள்?

திருடியவன் குற்றவாளி என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. பறிகொடுத்தவனைப் பற்றித்தான் கேள்வி. பறிகொடுத்து நிற்பவனையே குறை சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். அவன் இழந்தது தன் பொருளாக மட்டும் இருந்தால், ஆறுதலைத் தவிர அவனுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆனால் பிறருடைய மானமும் மறைவும் அவன் கையில் இருந்திருந்தால்? அப்போது அவன் திருடனால் அநீதி இழைக்கப்பட்டவன். அதே நேரத்தில் வேறு சிலருக்கு அநீதி இழைத்தவனாகவும் இருக்கக் கூடுமல்லவா?

நம் ஃபிக்ஹு நூல்களில் 'வதீஆ' என்றொரு பாடம் உண்டு. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பாதுகாப்பது பற்றிய சட்டங்கள் அதில் பேசப்படுகின்றன. அமானத்தாக வாங்கிய பொருள் களவு போய்விட்டால், வாங்கியவர் ஈடு தர வேண்டியதில்லை என்பதே அங்கே பொதுவிதி. ஷரீஅத் அவரைத் திருடனோடு சேர்த்து வைப்பதில்லை. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அவர் பாதுகாப்பில் குறை வைத்திருக்கக் கூடாது. அந்தப் பொருளுக்குத் தகுந்த இடத்தில் வைக்காமல் கண்ட இடத்தில் வைத்திருந்தால், அவர்மீது பொறுப்பு வந்துவிடுகிறது.

தகுந்த இடம் என்பதை யார் தீர்மானிப்பது? இதற்கு 'ஹிர்ஸ்' என்று பெயர். ஹிர்ஸ் எது என்பதை நூல்கள் ஊர் வழக்கத்துக்கே விட்டுவிட்டன. ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் இதை எவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்! கால்நடைகளுக்குத் தொழுவம் ஹிர்ஸ். பாத்திரங்களுக்கும் துணிமணிகளுக்கும் அதே தொழுவம் ஹிர்ஸ் ஆகாது. பள்ளிவாசலில் ஒருவர் தம் பொருளைத் தலைக்கு வைத்துத் தூங்கினால் அது பாதுகாப்பில் உள்ள பொருள். தூக்கத்தில் புரண்டு அதை விட்டு விலகிவிட்டால் பாதுகாப்பும் நீங்கிவிட்டது. ஓதிய காலத்தில் இந்த வரியைப் படித்து, இப்படியெல்லாமா பார்ப்பார்கள் என்று நாம் சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பு வரவில்லை. ஸஃப்வான் இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் படுத்திருந்தபோது, 30 திர்ஹம் பெறுமானமுள்ள அவர்களுடைய போர்வை களவு போன சம்பவம் ஹதீஸ் நூல்களில் வந்திருக்கிறது. அல்லாஹ்வின் வீடாயிற்றே, இங்கே யார் எடுப்பார்கள் என்ற நினைப்பு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்துப் பள்ளிவாசலிலேயே செல்லுபடியாகவில்லை! நம் ஹவ்ளுத் திண்டு எம்மாத்திரம்?

அப்படியானால் செல்போனுக்கு ஹிர்ஸ் எது? சட்டைப்பை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். போன் என்ற சாமானுக்குச் சட்டைப்பை போதும். ஆனால் அதனுள் இருக்கும் செய்திகளுக்கு அது தொழுவத்தில் வைத்த பாத்திரம் போலத்தான். விவரம் அறிந்த ஓர் இளைஞர், நம் தர்ஸுக்கு வருபவர், அடுத்த நாள் பொறுமையாக விளக்கினார். இக்காலத்துப் போன்கள் உள்ளே உள்ள எல்லாவற்றையும் சங்கேதமாக மாற்றித்தான் வைத்திருக்கின்றனவாம். அதைத் திறக்கும் சாவி நாம் போடும் பூட்டு எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பூட்டு எண்ணே இல்லையென்றால், இரும்புப் பெட்டியை வாங்கிச் சாவியைப் பெட்டியிலேயே தொங்கவிட்டது போலாகும். 1234 என்றும் பிறந்த வருடம் என்றும் போடுவது, சாவியை மிதியடிக்குக் கீழே வைப்பது போலாகும்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். நமக்கு அது முற்றிலும் புதிய செய்தி. போன் பூட்டியிருந்தாலும் திருடன் சிம் கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்வான். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண் அப்போது அவன் கைக்குப் போய்விடும். அதற்காகவே சிம் கார்டுக்கென்று தனியாக ஒரு பின் எண் வைக்கும் வசதி இருக்கிறது. மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் தானாகவே பூட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப்புக்கும் அதேபோல் இரண்டாவது எண் ஒன்று உண்டு. இவற்றைச் செய்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். நாம் ஆறு மாதம் செய்யவில்லை.

போன பிறகு செய்ய வேண்டியவையும் உண்டு. முதல் வேலை சிம்மை முடக்குவது. வங்கிக்குச் சொல்வது அடுத்தது. பணம் எடுக்கப்பட்டிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலைப் பெற்றுக்கொண்டு, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பதிந்தால், நாடெங்கும் எந்தக் கம்பெனியின் சிம்மும் அந்தப் போனில் இயங்காதபடி தடுத்துவிடுகிறார்கள். அதற்கு 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் போனே அதைக் காட்டும். கையில் போன் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். நாம் இதையும் செய்திருக்கவில்லை. வாங்கிய பெட்டியைப் பரணில் தேடி எடுத்தோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தடையால் போன் முடங்குமே தவிர, உள்ளே இருப்பவை முடங்குவதில்லை. பூட்டில்லாத போனின் படங்களைப் பார்க்க சிம் எதற்கு?

பொய் பேசாதவர், பிறர் பொருளைத் தொடாதவர், ஆனால் கவனமில்லாதவர். இத்தகையவரை மார்க்கம் எந்த இடத்தில் வைக்கிறது? இந்தக் கேள்விக்கு ஹதீஸ் கலையில் ஒரு விடை கிடைக்கிறது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் உஸ்தாதுகளில் ஒருவரான வகீஉ இப்னுல் ஜர்ராஹ் (ரஹ்) அவர்களுக்கு ஸுஃப்யான் என்று ஒரு மகனார் இருந்தார். அவரும் ஹதீஸ் அறிவிப்பாளர்தாம். அவர் தம்மளவில் உண்மையாளர் என்றே அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அவரிடம் ஏடுகளைப் பிரதி எடுக்கும் எழுத்தர் ஒருவர் இருந்தார். அந்த எழுத்தர், இவர் கேட்டறியாத ஹதீஸ்களை இவருடைய ஏடுகளில் புகுத்திவிட்டார். அபூஹாத்திம் (ரஹ்) போன்றோர் நேரில் சென்று, அந்த ஆளை விலக்கிவிடுங்கள், உங்களுடைய மூல ஏடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னார்கள். அவர் அதன்படி நடக்கவில்லை. முடிவில் அவருடைய அறிவிப்புகள் மதிப்பிழந்து போயின.

எண்ணிப் பாருங்கள்! அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவர் இழைத்த குற்றமெல்லாம், தம்மிடமிருந்த ஏட்டை யார் கை வைக்கவும் விட்டதுதான். அறிவிப்பாளரிடம் நேர்மை இருக்கிறதா என்பதோடு முஹத்திஸீன்கள் நின்றுவிடவில்லை. கேட்டு எழுதிய நாள்முதல் பிறருக்கு எடுத்துச் சொல்லும் நாள்வரை அந்த ஏட்டைக் கெடாமல் காத்தாரா என்பதையும் நிபந்தனையாக்கினார்கள். 'ளப்த்' என்று இதற்குப் பெயர். நல்லவர் என்ற ஒன்றே போதாது என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

போன் காணாமல் போவதில் இன்னொரு துன்பமும் உண்டு. பிறர் பார்த்துவிடுவார்கள் என்பது ஒன்று. நமக்கே இல்லாமல் போய்விடுகிறது என்பது மற்றொன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இளமையில் ஜுர்ஜானில் பாடக்குறிப்புகள் எழுதிக்கொண்டு ஊர் திரும்புகையில் வழிப்பறிக்காரர்கள் மறித்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் குறிப்புகளை மட்டும் தாருங்கள், அதற்காகத்தானே ஊர் ஊராக அலைந்தேன் என்று தலைவனிடம் கெஞ்சினார்களாம். பையைப் பிடுங்கியதும் அறிவும் போய்விட்டதென்றால் நீர் என்ன கற்றீர் என்று சிரித்துவிட்டு அவன் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு மூன்றாண்டுகள் தூஸில் இருந்து அவ்வளவையும் மனனம் செய்ததாக அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். ஒரு கொள்ளைக்காரன் உஸ்தாதானான்! ஒரே இடத்தில் மட்டும் இருப்பது, இல்லாமல் போகத் தயாராக இருப்பது என்பது அவர்களுக்கு அன்றே தெளிவாகிவிட்டது. நம்மால் எல்லாவற்றையும் மனனம் செய்ய இயலாது. எனினும் முக்கியமானவற்றுக்கு வேறொரு பிரதி எடுத்து, போன் இருக்கும் பையிலல்லாமல் வேறிடத்தில் வைக்கலாம். ஆனால் பிரதி எடுத்த இடமெல்லாம் இனிக் காக்கவேண்டிய இடம் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். மெமரி கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டால் பெரும்பாலும் அப்படியே திறந்துகொள்கிறது. பழைய போனை விற்பவர்கள் உள்ளிருப்பதைத் துடைக்காமல் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவதைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு கட்டுரையாகும்.

"எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எதற்குப் பூட்டு?" என்று கேட்போர் உண்டு. தவக்குல் என்று சொல்வோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸ் மக்தப் பிள்ளைகளுக்கும் தெரியுமாதலால் இரண்டாமவருக்கு இங்கே பதில் தேவையில்லை. முதலாமவருக்குத்தான் சொல்ல வேண்டும். உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். உங்களுக்குச் செய்தி அனுப்பியவரிடம் இருக்குமே! ஒருவர் பேசிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால் அந்தப் பேச்சு அமானத் ஆகிவிடுகிறது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்றுகூட அங்கே நிபந்தனை இல்லை.

வீட்டுக்குள்ளேயும் இது ஒரு பிரச்சினையாகத்தான் இருக்கிறது. போனைப் பூட்டினால் கணவன் மனைவிக்குள் சந்தேகம் வருகிறது என்று சிலர் நம்மிடம் வந்து சொல்வதுண்டு. அவர்களுக்குள் எப்படி வைத்துக்கொள்வது என்பது அவர்கள் பேசி முடிக்க வேண்டிய விஷயம். ஆனால் மனைவியின் தங்கை தன் அக்காளை நம்பி எழுதிய ஒன்று, மச்சானுக்கு எழுதப்பட்டதன்று. மனைவியே காட்ட விரும்பினாலும் அது அவளுடைய உரிமை மட்டுமா என்று யோசிக்கத்தான் வேண்டும்.

நம் விஷயத்துக்கு வருவோம். பெருநாளைக்கு முன்பே 12 வீடுகளுக்கும் நேரில் போனோம். வெட்கத்தை விட்டு, உங்கள் விவரம் எங்கள் கவனக்குறைவால் வெளியே போயிருக்கலாம் என்று சொல்லி ஹலால் கேட்டோம். ஒரு மூதாட்டி, "நான் ஏழை என்பது ஊருக்கே தெரியும், ஹளரத்" என்று சிரித்தார்கள். வேறொரு வீட்டில் அந்த மனிதர் நெடுநேரம் பேசவே இல்லை. தம்பிகளுக்குக்கூடத் தெரியாமல் ஜகாத் வாங்கியவர் அவர். பெண்பிள்ளைகளின் பெற்றோர்களையும் பார்த்துச் சொல்லிவிட்டோம், ஒருவர் கோபித்துக்கொண்டார், அது நியாயம்தான். ஜகாத் பட்டியல் இப்போது காகிதத்தில், பைத்துல்மால் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. புதிய போனுக்கு ஆறு இலக்க எண் போட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது தெரியாது.

குரல் பதிவு அனுப்பிய பெண்ணிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அவர் தம் பெயரையும் ஊரையும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய எண் அந்தப் போனில் மட்டுமே இருந்தது. அவருடைய கேள்விக்கான பதிலையும் நாம் பாதிதான் சொல்லியிருந்தோம். மீதியை நூல்களைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகத் தவணை வாங்கியிருந்தோம். மார்க்கப் பத்திரிகைகளை விடாமல் படிப்பதாகத் தம் பேச்சில் ஓரிடத்தில் அவர் சொன்னது நினைவிருக்கிறது. இந்த இதழ் அவர் வீட்டுக்கு வருகிறதா என்பது நமக்குத் தெரியாது.