சிற்றில் கட்ட எத்தனை மணி நேரம்?

"மேம், பத்துல மூணுதான் முடிச்சோம்" என்று அவள் வந்து சொன்னபோது நான் விடைத்தாள் கட்டுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் கணினித் துறையினர் ஒரு போட்டி வைத்தார்கள். நான்கு பேர் ஓர் அணி. சனிக்கிழமை காலை 9 மணிக்கு ஒரு சொல்லைக் கொடுப்பார்கள். மறுநாள் காலை 9 மணிக்குள் அந்தச் சொல்லை வைத்து 10 சிறிய கணினி விளையாட்டுகளைச் செய்து முடிக்க வேண்டும். அழகாக இருக்கத் தேவையில்லை. ஒரு நிமிடத்தில் ஆடித் தீர்த்துவிடக்கூடியதாக இருந்தாலும் சரி, ஆட முடிந்தால் போதும். இந்த மாதிரிப் போட்டிக்கு கேம் ஜாம் என்று பெயர். சொல்லைத் தேர்ந்து தரும்படி தமிழ்த் துறையைக் கேட்டார்கள். 'ஆறு' என்று கொடுத்தேன். எண்ணா, நதியா, வழியா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று எனக்குள் ஒரு சின்னக் கர்வம்.

போட்டியில் எனக்கு இன்னொரு பங்கும் இருந்தது. மாணவியர் பாதுகாப்புக் குழுவில் நான் உறுப்பினர். மாணவியர் மாலை 6 மணிக்கு ஆய்வகத்தை விட்டு வெளியேற வேண்டும், மறுநாள் காலை 8 மணிக்குத் திரும்பலாம் என்ற சுற்றறிக்கையில் இருந்த ஐந்து கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. வாசித்துப் பார்த்துத்தான் போட்டேன். தவறாக எதுவும் படவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியதே பிறகுதான். காலை 9 முதல் மாலை 6 வரை ஒன்பது மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம், ஆக மொத்தம் 10. பையன்களுக்கு 24, பெண்களுக்கு 10 என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை. எழுதாமலே அது நடந்தது.

முழுக்கப் பெண்களே இருந்த அணி ஒன்றுதான். என் மாணவி ஒருத்தி, கணினித் துறையில் மூவர். கலப்பு அணிகளில் இருந்த பெண்கள் 6 மணிக்குள் படம் வரைந்து வண்ணம் தீட்டிக் கொடுத்துவிட்டு விடுதிக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது ஒருத்தி வரைந்த படகு காராக மாறியிருந்ததாம். பரிசளிப்பு விழாவில் ஜெயித்த அணியின் சிவந்த கண்களைப் பற்றி மேடையில் பெருமையாகப் பேசினார்கள். தூங்காமல் இருந்ததற்கே ஒரு தனிக் கைதட்டல் கிடைத்தது.

இந்த வகைப் போட்டியின் பின்னால் இருக்கும் யோசனை எனக்குப் பிடித்தமானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2005இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கைல் கேப்ளர், கைல் கிரே, மேட் குசிக், ஷாலின் ஷோதன் என்ற நான்கு முதுகலை மாணவர்கள் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். ஒரு விளையாட்டை ஒருவரே செய்ய வேண்டும், அதுவும் ஏழு நாளுக்குள். ஒரு பருவம் முடிவதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் பிறந்துவிட்டன. பெரும்பாலானவை எங்கும் போகவில்லை. அவற்றில் ஒன்று மட்டும் 2008இல் 'வேர்ல்ட் ஆஃப் கூ' என்ற புகழ்பெற்ற விளையாட்டாக வளர்ந்தது. 2009 ஜனவரியில் குளோபல் கேம் ஜாம் தொடங்கியது. உலகின் பல ஊர்களில் ஒரே வாரக் கடைசியில் 48 மணி நேரம் உட்கார்ந்து விளையாட்டுகள் செய்தார்கள்.

இதன் சாரம் வேகம் இல்லை. மோசமாக ஒன்றைச் செய்து பார்க்கக் கிடைக்கும் அனுமதி. பத்தைச் செய், ஒன்பதைத் தூக்கிப் போடு, ஒன்றும் தேறாவிட்டாலும் பரவாயில்லை என்பது. எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது, இரண்டாவது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். முனைவர் பட்ட ஆய்வை விடியற்காலை 4 மணியிலிருந்து 6 மணி வரை எழுதினேன். 6 மணிக்குப் பால் குக்கர் விசிலடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்கத்தை எழுதிக் கிழித்துப் போட எனக்குத் தைரியம் வந்ததில்லை. கையிலிருந்த காகிதம் அல்ல, நேரம் கிழிந்துவிடும் என்று பயம். என் கவிதைகள் சின்னதாக இருப்பதை ஒரு விமர்சகர் செறிவு என்று பாராட்டினார். வாலாஜாபாத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பேருந்துப் பயணம் அவ்வளவுதான் நீளம்.

அந்த நால்வரையும் மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் திருமுக்கூடலுக்குக் கூட்டிப் போனேன். என் அம்மாவின் ஊர். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் இடம். கூடுவதற்குத் தண்ணீர் இருக்கும் மாதங்கள் குறைவு. மணல் அள்ளியது போக மிச்சமிருக்கும் திட்டுகளில் வேலிக்கருவை நிற்கிறது. அக்கரையில் பழையசீவரம் மலை. காணும் பொங்கலை ஒட்டிய பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் அங்கே வந்து இக்கரைக்கும் வருவார், அப்போது மட்டும் இந்த மணலில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாளில் ஆடு மேய்ப்பவர்களும் நாங்களும்தான்.

கணினி இல்லை. புளியங்கொட்டை ஒரு டப்பா, கூழாங்கல், ஒரு குச்சி. மாலை 5.40 பேருந்துக்குள் எத்தனை ஆட்டம் செய்ய முடியுமோ செய்யலாம் என்றேன். அதே சொல்தான், ஆறு.

முதல் ஆட்டம் மூன்று கோடுகள் ஒரு குழியில் சேருவது. ஐந்து நிமிடத்தில் அலுத்துவிட்டது, காலால் தேய்த்து அழித்தார்கள். மூன்றாவதில் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. விதியிலேயே ஓட்டை இருந்ததை அரை மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் அப்படி ஒரு சிரிப்பு.

நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, நடுவில் மணலை வரப்பாகக் குவித்து இருவரை இரு பக்கம் உட்கார வைத்தாள். ஒருவர் வைப்பது மற்றவருக்குத் தெரியாது. கைதட்டலுக்கு ஒரு கல்லாக வரிசை வைத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் வரப்பைத் தள்ளினால் இரண்டு வரிசையும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாவிட்டால் இருவருக்கும் தோல்வி. கோர்வை என்று பெயர் வைத்தாள். காஞ்சிபுரத்தில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருக்கும் கோர்வைப் புடவையை ஒருவர் தனியாக நெய்வது கடினம். கரைக்கு நாடா தள்ளிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்து அந்த ஆள் இவள்தான். சொசைட்டி புத்தகத்தில் அப்பா பெயர் மட்டும் இருக்கிறது. இவள் ஆட்டத்தில் ஒருத்தி மட்டும் ஜெயிக்க வழியே இல்லை.

மதியச் சோற்றுக்குப் பிறகு ஒன்று செய்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஆறு புளியங்கொட்டை, அவை ஆறு மணி நேரம். கட்டங்களில் அடுப்பு, தண்ணீர், தம்பி, பஸ் என்று எழுதியிருந்தது. விழுந்த கட்டத்தில் ஒரு கொட்டையை வைத்துவிட வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு வரும்போது கையில் மிச்சமிருக்கும் கொட்டைகளால் வீடு கட்டலாம். கடைசிக்கு முந்தைய கட்டத்தில் 'கையெழுத்து' என்று இருந்தது. அதில் விழுந்தால் கையில் இருப்பது எல்லாம் போய்விடும்.

அதை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை. நானும் உட்கார்ந்து ஆடினேன். இரண்டு முறை அந்தக் கட்டத்தில் விழுந்தேன்.

அம்மா மோர் கொண்டுவந்தவள் மணலில் கிடந்த கோடுகளைப் பார்த்தாள். "ஏம் பாப்பா, இதெல்லாம் நாங்க ஆடாததா?" என்றாள். ஆடாதவைதான். ஆனால் அவள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பல்லாங்குழியின் 14 குழிகளுக்கு ஊருக்கு ஊர் வேறு விதி. சீதைப் பாண்டி என்று ஒன்று உண்டு, சிறையிருந்த சீதை ஆடியதாகச் சொல்வார்கள், ஒருத்தி தனக்குத்தானே ஆடுவது. எதிரே உட்கார ஆளில்லாத ஒரு பெண் அதற்கான விதிகளை யோசித்திருக்க வேண்டும். அவள் பெயர் சீதை என்று ஆகிவிட்டது.

அம்மாவுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அவள் மணலில் குழி தோண்டி முடிப்பதற்குள் மாமன் மகன் வந்து மிதித்துவிட்டு ஓடுவானாம். "சொன்னா, ஆம்பளப் புள்ள, வெளயாடறான்னு ஆயா சிரிக்கும்."

அந்தக் காலை எனக்குத் தெரியும். இருபது வருடமாக வகுப்பில் அதைப் பாடமாக நடத்துகிறேன். கலித்தொகையின் 51ஆம் பாட்டில் தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைத்த பையன், வளர்ந்த பிறகு தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள், பிறகு தாயிடம் அவனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். பாட்டின் நாடகத் தன்மையை வியந்து வியந்து நடத்தியிருக்கிறேன். மணல் வீட்டைக் கலைத்த காலும் வளையலைப் பிடித்த கையும் ஓர் உடம்பினுடையவை என்று ஒரு மாணவி சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றே ஒரு பருவம் இருக்கிறது. சிறுமியர் தங்கள் வீட்டைக் கலைக்காதே என்று ஆண் குழந்தையைக் கெஞ்சுவார்கள், கெஞ்சலின் இனிமைதான் பாட்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் எந்தப் பருவத்திலும் பெண் குழந்தை போய் யாருடைய தேரையும் உடைப்பதில்லை. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகமும் இந்தக் கெஞ்சல்தான். ஆனால் கட்டியவளுக்கு முதுகு வலித்தது என்பதைச் சொல்லாமல் விடாதவள் ஆண்டாள்.

மூன்றாவது ஆட்டத்தைத் தேய்த்தபோது அந்தப் பெண்கள் சிரித்தார்களே, அந்தச் சிரிப்பைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். செய்ததை அழிப்பது ஒரு சுதந்திரம் என்கிறது கேம் ஜாம். பெண்களுக்குச் செய்து அழிவது புதிதல்ல. வாசல் கோலத்தைப் பால்காரர் சைக்கிள் அழிக்கிறது, ஒரு மணி நேரச் சமையல் பத்து நிமிடத்தில் தீர்கிறது. தினமும் சின்னதாக, வேகமாக, நிறையச் செய்கிறோம். இதையெல்லாம் கலை, படைப்பு என்று தூக்கி வைத்துப் பேசும் கட்டுரைகள் எனக்கு எரிச்சலூட்டும், நானும் ஒன்று எழுதியிருக்கிறேன் என்றாலும். கோலம் வேகமாக அழிகிறது என்பதற்காக அது விளையாட்டு ஆகிவிடாது. நாளைக்குப் போடாமல் இருக்க முடியுமா? தப்பாகப் போட்டுவிட்டு, இது தேறாது என்று தானே தேய்த்துவிட்டு உள்ளே போக முடியுமா? அப்படிப் போக முடிகிறவளிடம்தான் அந்த நேரம் அவளுடையதாக இருக்கிறது.

பெயர் விஷயமும் இதோடு ஒட்டியது. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் நிலவுடைமையின் அநியாயத்தைக் காட்ட ஒரு பலகை ஆட்டம் செய்து 1904இல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மோனோபோலி. 1935இல் அது சார்லஸ் டாரோ என்ற ஆணின் கண்டுபிடிப்பாகச் சந்தைக்கு வந்தது. மேகியின் காப்புரிமைக்கு நிறுவனம் கொடுத்தது 500 டாலர். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாங்கள் உட்கார்ந்திருந்த மணலிலிருந்து எழுந்து நடந்தால் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை பற்றியும் வேதக் கல்விச் சாலை பற்றியும் சொல்வது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயரோடு இருக்கிறார். மருந்து காய்ச்சிய பெண்கள் இருவர். இருவர் என்ற எண்ணிக்கையாக இருக்கிறார்கள். நால்வரும் அந்த வரியைத் தேடிக் கழுத்து வலிக்க நின்றார்கள். கணினித் துறைப் பெண் ஒருத்தி, "மேம், அவங்களும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பாங்களா?" என்றாள். நோயாளி இருக்கும்போது பெண்கள் இரவு முழுக்க விழித்திருப்பதை எந்தக் காலத்திலும் யாரும் தடுத்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

5.40 பேருந்துக்குள் 11 ஆட்டங்கள். எட்டைத் தேய்த்தாகிவிட்டது.

திரும்பும் வழியில் அடுத்த போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. பெண்களுக்கும் இரவு வேண்டும், ஆய்வகத்தில் ஒரு பெண் காவலரும் ஒரு கழிப்பறைச் சாவியும் கிடைத்தால் போதும் என்றாள் என் மாணவி. சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுவதுதான் நியாயம் என்று நானும் நினைத்திருந்தேன். நெசவாளர் வீட்டுப் பெண் தலையாட்டவில்லை. "ராத்திரின்னு பேர் போட்டீங்கன்னா எங்கப்பா போட்டிக்கே அனுப்ப மாட்டாரு மேம். எனக்கு அந்தப் பத்து மணி நேரமும் போயிடும். எல்லாருக்கும் பகல்லயே வெச்சா என்ன? அவங்களும் தூங்கட்டுமே" என்றாள். மற்றவள் விடவில்லை. உங்கப்பாவுக்காக நாங்க எதுக்கு ராத்திரியை விட்டுக் கொடுக்கணும் என்றாள். வாலாஜாபாத் வரும்வரை சண்டை. இரவை நமக்கும் கேட்பதா, அல்லது இரவை வைத்துத் திறமையை அளப்பதையே நிறுத்தச் சொல்வதா? முதலாவது உரிமை. இரண்டாவதில் இவள் இருப்பாள். உரிமையை விடக்கூடாது என்று மேடைகளில் பேசிவரும் எனக்கு, அந்தப் பேருந்தில் இரண்டாவது பக்கம்தான் மனம் சாய்ந்தது. சாய்ந்தது சரிதானா, இல்லை மறுபடியும் ஒரு பாதுகாப்புக் குழு உறுப்பினராகத்தான் யோசிக்கிறேனா என்று என்னையே நம்ப முடியவில்லை.

குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக முதல் வரி. கீழே இரண்டு யோசனைகளும், யார் சொன்னது என்ற பெயரோடு. பெயர் போடலாமா என்று நால்வரிடமும் கேட்டேன். மூவர் சரி என்றார்கள். நெசவாளர் வீட்டுப் பெண் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கடிதம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது, புளியங்கொட்டை டப்பாவோடு.