யார் செய்த வினை?

துன்பம் ஏன் வருகிறதென்று கேட்டால், ‘முன்வினை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம்மவர் வழக்கம். 1942-43ஆம் ஆண்டுகளில், 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதை போடுவதற்காக, ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரந் தமிழரைக் கொண்டுசென்றனர். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அத்தனை பேரும் ஒருங்கே எப்பிறப்பில் என்ன பாவஞ் செய்தனர்? வினைவாதிகள் சற்றே யோசிக்கட்டும். ஆணையிட்டவன் இப்பிறப்பிலேயே இருந்தானே!

ஆயினும், பாகான் நக்கோடா ஓமார்ப் பக்கத்து லயங்களில் கணவனைப் பறிகொடுத்தவள் ‘என் தலையெழுத்து’ என்றிருந்தால், அவளோடு நான் வாதாடேன். அச்சொல்லைப் பற்றிக்கொண்டே பிள்ளைகளை வளர்த்திருப்பாள். நாஜி முகாம்களில் அடைபட்டிருந்த வியன்னா மனநோய் மருத்துவர் விக்டர் பிராங்கலும், துன்பத்திலும் அர்த்தங் காணலாமென்று 1946இல் எழுதினார். பட்டவர் சொல் அது. நிழலில் உட்கார்ந்து செக்ரோல் எழுதும் என்போன்ற கிராணி அதை அவளுக்குப் போதிக்கலாமா? அவளுக்கு வேண்டியிருந்தது தத்துவமா? புருஷன் எங்கே புதைந்தான் என்ற செய்தியல்லவா!